புரட்டாசி விதைப்பும் என் பூகோளமும்

நான் பூகோளம் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடம் வல்லத்திராக்கோட்டைப் பக்கம், வீட்டிலிருந்து இரண்டு மைல் நடை. ஐம்பதுகளில் அங்கிருந்த ஒரே உலக உருண்டைக்குத் திருகு கழன்றுபோய், அது தாங்கியில் நேராக நிமிர்ந்து நிற்கும். பூமி சாய்ந்திருக்கிறது என்று காட்ட, பாடம் முடியும்வரை இடது கையால் அதைச் சாய்த்துப் பிடித்திருக்க வேண்டும். தோள்பட்டை கடுக்கும். புதுத் திருகு கேட்டு மூன்று முறை எழுதினேன், வந்தால்தானே! இந்தச் சாய்வு இல்லையென்றால் நமக்குக் கோடையும் இல்லை, மழைக்காலமும் இல்லை என்று வருஷா வருஷம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

என் வீட்டுக்காரர் நாலாம் வகுப்போடு நின்றவர். இரண்டு ஏக்கர் வயல், வருஷத்துக்கு ஒரே போகம். வீட்டில் ஆறு பேருக்கும் அந்த நெல்தான் சோறு. எங்கள் பக்கம் புழுதி விதைப்பு. புரட்டாசியில் காய்ந்த மண்ணைப் பொடியாக உழுது, ஈரமில்லாமலே நெல்லை வீசிவிடுவார்கள். இடிமழை ஒன்றிரண்டு விழுந்தால் முளைத்துக்கொள்ளும். ஐப்பசியில் பெருமழை வருவதற்குள் பயிர் வேர்பிடித்து நிற்கும். நான் டவுனில் பிறந்து வளர்ந்தவள், இதெல்லாம் எனக்குக் காதில் விழுந்த சேதிதான்.

ஒரு வருஷம் விதைத்தது ஒரு தூறலுக்கு முளைத்து, அடுத்த தூறல் வராமல் கருகிவிட்டது. அதற்கு மறு புரட்டாசியில், சாப்பிட்டுக்கொண்டே அவர் கேட்டார்:

"வாத்தியாரம்மா, ஒன் பொஸ்தவம் என்ன சொல்லுது? மழை எப்பத்தான் வரும்?"

உருப்படியான கேள்வி எதையும் அதுவரை அந்த வீட்டில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. வகுப்பில் சொல்வதை அப்படியே சொன்னேன். சாய்ந்த பூமி சுற்றிவரும்போது, உச்சி வெயில் விழும் இடம் புரட்டாசியில் பூமத்திய ரேகையைத் தாண்டித் தெற்கே போகும். காற்றழுத்தம் குறைந்த பட்டையும் அதன் பின்னாலேயே இறங்கும். அது இறங்கினால்தான் தென்மேற்குக் காற்று ஓய்ந்து, வடகிழக்கிலிருந்து கடல் ஈரத்தோடு காற்று வரும்.

"இப்ப விழுறது வெறும் சூட்டு மழைங்க. அத நம்பாதீங்க. ஐப்பசி பாதியிலதான் காத்து திரும்பும். அப்ப விதைங்க."

அவர் நம்பினார். அதுதான் என் வயிற்றெரிச்சல். அடுத்த வயல் அவருடைய அண்ணனுடையது. அண்ணன் புழுதியில் விதைத்தது இரண்டு இடிமழைக்கு முளைத்துப் பச்சை கட்டிவிட்டது. வரப்பில் நின்று அண்ணன் கேட்பார்: "என்னப்பா, வாத்தியாரம்மா இன்னும் உத்தரவு குடுக்கலையா?"

இவர் விட்டுக்கொடுக்கவில்லை. "சூரியன் இன்னும் தெக்க எறங்கலண்ணே!"

ஐப்பசி பாதியில், நான் சொன்னபடியே, வடகிழக்கிலிருந்து மேகம் திரண்டு கொட்டியது. நனைந்துகொண்டே வாசலில் நின்று, "பாத்தீங்களா!" என்று கத்தினேன். அவரும் சிரித்தார். சேற்றில் முளைகட்டிய நெல்லை வீசினார்.

கார்த்திகை பாதியில் வானம் வெளுத்துவிட்டது. மார்கழி வரை பெய்யும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. என்ன செய்ய? வயலுக்குத் தண்ணீர் பாயும் கண்மாய் அரைவாசிகூட நிறையவில்லை. இருந்த தண்ணீர் அண்ணன் பயிர் கதிர் முற்றும்வரை போதுமாக இருந்தது. எங்கள் பயிர் தண்டுக்குள் கதிர் திரண்டு பொதி கட்டும்போது மடையில் சொட்டு இல்லை. தையில் கதிரை உருவிப் பார்த்தேன். உள்ளே பால் ஏறவே இல்லை, அத்தனையும் பதர்.

காற்றைப் பற்றி நான் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. நெல்லுக்கு எத்தனை நாள் தண்ணீர் வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அவ்வளவுதான். அவரும் சொல்லவில்லை. படித்தவளுக்கு இதுகூடவா தெரியாது என்று நினைத்திருக்கிறார். என் மூளையை என்ன சொல்ல!

அவர் அந்தப் பயிரை மாட்டுக்கு அறுத்துப் போட்டார். அந்த வருஷம் அண்ணன் வீட்டு நெல்லைத்தான் அவித்துச் சாப்பிட்டோம். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டித் தொலைத்திருந்தால் தேவலை. நானும் ஒரு மூச்சு அழுதுவிட்டு எழுந்திருப்பேன்.

அடுத்த புரட்டாசியில் ஒருநாள் காலை விதைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

"இன்னிக்கேவாங்க?" என்றேன்.

"அண்ணன் வெதைக்கிறாக. நானும் வெதைக்கிறேன்." இரண்டு எட்டு வைத்தவர் நின்று, என் முகத்தைப் பார்க்காமல், "நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத" என்றார்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் இருந்தார். மழை எப்போது வரும் என்று என்னிடம் கேட்கவே இல்லை.