கடைசிப் பதினாறு பக்கம்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். மந்திரிப்பு, கோடாங்கி எதிலும் எனக்கு அன்றைக்கும் நம்பிக்கை இல்லை, இன்றைக்கும் இல்லை. அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. கள்ளக்குறிச்சியில் ஒரு முஸ்லிம் பாயின் புத்தகக் கடையில் வேலை பார்த்தேன். பள்ளிக்கூட நோட்டு விற்றுத்தான் கடை ஓடியது, கதைப் புத்தகம் பாயின் பைத்தியம். அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். நமக்குப் பிடித்த புத்தகத்துக்குள், ஏன் பிடித்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் நம் கையால் எழுதி, பெயரும் போட்டுச் செருகி வைக்க வேண்டும். ஒரே நிபந்தனை, கடைசி வரி வரைக்கும் படித்திருக்க வேண்டும். "பாதி படிச்சிட்டு எழுதறது பொய்சாட்சி மாதிரிம்மா" என்பார்.

என் சீட்டை நம்பியே புத்தகம் வாங்குகிறவர் வெள்ளிமலை டீச்சர். கல்வராயன் மலையில் பள்ளிக்கூட வேலை, மாதம் ஒருமுறை பஸ் பிடித்துக் கீழே இறங்குவார். அவருடைய வீட்டுக்காரர் பலாமரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து இரண்டு வருஷமாகக் கட்டிலோடு கிடந்தார். டீச்சர் சத்தமாக வாசிக்க அவர் கேட்பார், அந்த மனுஷனுக்கு மிச்சமிருந்த சந்தோஷம் அது ஒன்றுதான்.

அந்த மாதம் டீச்சர் முகமே சரியில்லை. "நெஞ்சுல சளி கட்டிக்கினு மூச்சு வாங்குதும்மா அவருக்கு. டாக்டர் கைய விரிச்சிட்டாரு. முடிவு நல்லா இருக்கற கதையா ஒண்ணு குடு. அத மட்டும் அவரு கேட்டுட்டா போதும்."

காணாமல்போன மகளைத் தேடி ஊர் ஊராக அலைகிற ஒரு தகப்பனின் கதை எனக்கு நினைவு வந்தது. அப்போதுதான் அதில் பாதி வந்திருந்தேன், என் பிரதி வீட்டில் இருந்தது. நல்லபடியாகத்தான் முடியும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, அலமாரியில் இருந்த புதுப் பிரதியை எடுத்து, "கடைசிப் பக்கம் மனசு நிறையும், நம்பிப் படிக்கலாம்" என்று எழுதிச் செருகிக் கொடுத்துவிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவர் அவசரப்படுத்தியதும் உண்மைதான், ஆனால் அதைச் சாக்காகச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்து சாலை மறியல் வந்தது. வழியெல்லாம் மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள், உளுந்தூர்பேட்டைப் பக்கம் லாரிகள் நின்ற இடத்திலேயே நின்றன, மலைக்கு பஸ்ஸே இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நான் மட்டும் உள்ளே இருந்தேன். குனிந்து உள்ளே வந்தார் ஒருவர். ஒல்லியான ஆள், கம்பளி போர்த்தியிருந்தார், மேலுதட்டில் ஒரு தழும்பு.

"நான் வெள்ளிமலை டீச்சரோட வூட்டுக்காரன்மா" என்றார்.

எனக்கு அப்படியொரு சந்தோஷம், மனுஷன் தேறி எழுந்து நடக்கிறாரே என்று. பஸ் இல்லையே, எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன். "வந்துட்டேன்" என்றார், அவ்வளவுதான். "அந்தப் பொஸ்தகத்துல கடைசி பதினாறு பக்கம் இல்லம்மா. முன்னாடி வந்த பக்கமே மறுபடியும் வருது. நீதான் முழுசா படிச்சிருக்கியே. அந்தப் பொண்ணு கெடச்சிச்சா?"

நம்பினால் நம்புங்கள், என் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். ஐந்து நிமிஷம் இருங்கள் என்று ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருக்கலாம். படிக்கவில்லை என்று ஒத்துக்கொண்டிருக்கலாம். பாழாய்ப்போன கௌரவம் விடவில்லை. "மறந்துபோச்சுங்க" என்றேன். அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார், கோபமே இல்லை அந்தப் பார்வையில். "பரவால்ல, இருக்கட்டும்" என்று குனிந்து வெளியே போனார். மனசு கேட்காமல் பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தேன். வெயிலில் தெரு காலியாகக் கிடந்தது.

அன்றைக்கே வீட்டுக்குப் போய் மிச்சத்தையும் படித்து முடித்தேன். மகள் கிடைத்துவிடுகிறாள். இரண்டே வார்த்தையில் சொல்லியிருக்கலாம்.

பாதை திறந்ததும் டீச்சர் வந்தார், நெற்றியில் பொட்டு இல்லை. பக்கத்து ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்க ஒரு போட்டோ வைத்திருந்தார். அதே முகம், அதே தழும்பு. "வெள்ளிக்கெழம விடியகாலைல போய்ட்டாரும்மா. கீழ இருந்து ஒரு சனம் வர முடியல. நாங்க நாலு பேரா எடுத்துப் போட்டோம்."

அதே வெள்ளிக்கிழமை மதியம் அவர் என் முன்னால் நின்றிருந்தார் என்று எப்படிச் சொல்வது? கதையின் முடிவையாவது இவரிடம் சொல்லிவிடுவோம் என்று, "டீச்சர், அந்தக் கதையில..." என்று ஆரம்பித்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம்மா. வியாழக்கெழம சாயங்காலமே அவரு சொல்லிட்டாரு. கடையில இருக்கற அந்தப் பொண்ணு இத முழுசா படிக்கல, பாவம், நீ போனா முடிவு கேக்காதன்னு."

நான் படிக்காதது எனக்கு மட்டும்தான் தெரியும், பாயிடம்கூடச் சொன்னதில்லை. வருஷம் எத்தனையோ ஓடிவிட்டது, எனக்கு இன்னும் பிடிபடாதது அதுகூட இல்லை. வியாழக்கிழமையே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே வெள்ளிக்கிழமை அவ்வளவு தூரம் இறங்கி வந்து, அந்தப் பெண் கிடைத்தாளா என்று என்னிடம் ஏன் கேட்டார்?