ஞானரட்ணத்தின் கருத்துக்கணிப்பு

லண்டனின் செவன் கிங்ஸில் ஞானரட்ணத்தைத் தெரியாத தமிழர் குறைவு. அவரிடம் அமெரிக்கத் தேர்தலைப் பற்றி வாய்கொடுத்துவிட்டுச் சுகமாகத் தப்பியவர்கள் அதைவிடக் குறைவு. மன்னாரிலிருந்து இளைஞராக லண்டன் வந்தவர், பஸ் ஓட்டுகிறார். அமெரிக்காவில் கால் வைத்ததேயில்லை. ஆனாலும் பென்சில்வேனியாவின் எந்தப் பக்கம் எந்தக் கட்சிக்குச் சாயும் என்பதை அடுத்த வீட்டுக் குடும்பத் தகராறு மாதிரி விவரிப்பார்.

டிப்போவில் புதிதாகச் சேர்ந்த ஒரு தமிழ்ப் பையன், "நாடு முழுக்கக் கூட வோட்டு எடுத்தவர்தானே ஜனாதிபதி?" என்று கேட்டுவிட்டான். அவன் கையிலிருந்த தேநீர் ஆறிப்போயிற்று.

"அப்பிடியில்லையடா தம்பி. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஜனாதிபதியைத் தெரிவுசெய்ய இத்தனை தேர்வாளர் எண்டு கணக்கிருக்கு. அநேகமா எல்லா மாநிலத்திலையும், ஒரு வோட்டாலை வெண்டாலும் தேர்வாளர் முழுப்பேரும் வெண்டவருக்குத்தான். நாடு முழுக்கக் கூட எடுத்தும் தோத்துப்போய் வீட்டை இருந்தவையள் இருக்கினம்."

மனைவி றோஸ்மலரின் தம்பி றூபன் பென்சில்வேனியாவில்தான் இருக்கிறான், அமெரிக்கக் குடியுரிமையோடு. இழுபறி மாநிலத்தில் வாக்குள்ள மைத்துனன் கிடைத்தது தன் பாக்கியம் என்று ஞானரட்ணம் நினைத்திருந்தார். தேர்தல் முடிந்ததும், யாருக்குப் போட்டான் என்று கேட்கத் தொலைபேசி எடுத்தார்.

"செவ்வாய்க்கிழமை ஷிப்ட் அத்தான். வோட்டுப் போட ஆருக்கு நேரம்?" என்றான் றூபன்.

ஞானரட்ணம் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

இவ்வளவு படித்தும் அவருக்கு ஒரு குறை இருந்தது: படித்ததைச் செய்துபார்க்க ஒரு தேர்தல் அமையவில்லை. போன வசந்தத்தில் அமைந்தது. அவர்கள் தேவாலயப் பங்கின் தமிழ்க் கத்தோலிக்க ஒன்றியத்துக்குத் தலைவர் தெரிவு. பொருளாளராக இருந்த அஜித்தா போட்டியிடுவதாகச் சொன்னாள். கெட்டிக்காரி, கணக்காளர், எல்லோருக்கும் பிடித்தவள். கூட்டத்தில் ஞானரட்ணம் எழுந்து, "றோஸ்மலரும் தலைவர் பதவிக்குக் கேக்கிறா" என்று அறிவித்தார்.

பக்கத்தில் இருந்த றோஸ்மலருக்கு அப்போதுதான் அந்தச் செய்தி தெரியவந்தது.

"எனக்கு வேண்டாமப்பா. பகல் முழுக்க நேர்சரியிலை பிள்ளையளோடை கத்திப்போட்டு வாறன். பிறகு இவையளோடையும் கத்த ஏலாது" என்றார், வீட்டுக்கு வந்ததும்.

"வேட்பாளர் எல்லாரும் முதல்லை அப்பிடித்தான் சொல்லுவினம். நீர் பேசாமல் இரும். நான் பாக்கிறன்."

பார்த்தார். பங்கு மக்களை மூன்றாகப் பிரித்தார். காலைப் பூசைக்காரர் அஜித்தாவின் கோட்டை. அங்கே நேரத்தை வீணாக்கக்கூடாது. தமிழ்ப் பூசையில் முன்வரிசையில் இருப்பவர்கள் நம்மவர்கள். அவர்கள் வீட்டில் தங்கிவிடாமல் வந்து வாக்குப் போட்டால் போதும். மிச்சம், பிந்தி வந்து கதவோரம் நிற்பவர்கள். ஒரு பக்கமும் சேராதவர்கள். வெற்றி அங்கேதான் இருக்கிறது. தேர்தலுக்கு முந்திய நான்கு ஞாயிறும் கதவோரம் நின்று அவர்களுக்கு ரோல்ஸ் கொடுத்தார். சாப்பிட்டவர்கள் நன்றாக இருக்கிறதென்றார்கள். அதை ஆதரவு என்று எடுத்துக்கொண்டார்.

தேர்தல் நாளன்று முதியவர்களைத் தன் காரில் ஏற்றி இறக்கினார். "ஆக்கள் வந்தால்தானே வெல்லலாம். அமெரிக்காவிலை அரைவாசிப்பேர் வீட்டிலேயே இருந்துபோடுவினம்" என்று வழி முழுக்க விளக்கினார். பின் இருக்கைப் பெரியம்மா ஒருவர் நித்திரையாகிவிட்டார்.

பூசை முடிந்து மண்டபத்தில் வாக்களிப்புத் தொடங்கியது. ஞானரட்ணம் வாசலில் நின்றார். வாக்குப் போட்டு வெளியே வந்த ஒவ்வொருவரையும் மறித்தார்.

"ஆருக்குப் போட்டனீங்கள்? சும்மா ஒரு கருத்துக்கணிப்பு."

"றோஸ்மலர் அக்காவுக்குத்தான் அண்ணை. இதென்ன கேள்வி?"

எல்லோரும் அதையே சொன்னார்கள். அஜித்தாவின் சொந்தச் சித்தப்பாகூடச் சொன்னார். ஞானரட்ணம் நெஞ்சு நிமிர்ந்து உள்ளே போய் மனைவியின் காதில், "ஏற்புரையை யோசியும். இது அலை" என்றார். றோஸ்மலர் தலையைக் குனித்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து ஞானரட்ணம் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

ஃபாதர் பெட்டியைத் திறந்து எண்ணினார். அஜித்தா வென்றாள். சாதாரண வெற்றியில்லை, றோஸ்மலருக்கு விழுந்ததை ஒரு கையிலேயே எண்ணிவிடலாம்.

"திருப்பி எண்ணோணும்!" என்றார் ஞானரட்ணம்.

ஃபாதர் பொறுமையாகத் திருப்பி எண்ணினார். அஜித்தாவுக்கு இன்னும் ஒன்று கூடியது.

வீட்டுக்குப் போகும் வழியில் காருக்குள் ஞானரட்ணம், "அமெரிக்காவிலையும் இப்பிடித்தான். கேட்டால் ஒண்டு சொல்லுவினம், உள்ளுக்கை போய் வேறை போடுவினம். ஆனா முழுப் பங்குமோ?" என்றார்.

"அவையளிலை பிழையில்லை. நான்தான் சொன்னனான்" என்றார் றோஸ்மலர்.

"என்ன சொன்னனீர்?"

"எனக்குப் போடாதையுங்கோ, அஜித்தாவுக்குப் போடுங்கோ எண்டு. அவர் வாசல்லை நிண்டு கேட்டால் மட்டும் எனக்கெண்டு சொல்லுங்கோ, பாவம் மனுசன் எண்டு."

"ஆரிட்டைச் சொன்னனீர்?"

"எல்லாரிட்டையும். வீடு வீடாப் போனனான்."

கார் சிவப்பு விளக்கில் நின்றது. ஞானரட்ணம் கோபிப்பார் என்று றோஸ்மலர் காத்திருந்தார். அவரோ ஸ்டியரிங்கில் மெதுவாகத் தட்டினார்.

"வீடு வீடாவோ? ஒருத்தரும் வாய் திறக்கேல்லையோ? இஞ்சேரும், அமெரிக்காவிலை கோடி கோடியாக் கொட்டியும் இப்பிடி ஒரு பிரசாரம் நடத்த ஏலாது!"

அவர் முகத்தில் உண்மையாகவே பெருமை இருந்தது. றோஸ்மலருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"நானும் அஜித்தாவுக்குத்தான் போட்டனான். எனக்கு விழுந்ததிலை ஒண்டு உங்கடைதானே?"

ஞானரட்ணம் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அது பச்சையாகி, பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்த பிறகும் பார்த்தார். வாசலில் எல்லோரையும் மறித்து நின்றவர், உள்ளே போயும் தன் வாக்கைப் போட மறந்துவிட்டார்.

அடுத்த மாதம் அஜித்தா வீட்டுக்கு வந்தாள். ஒன்றியத்துக்கு நிரந்தரத் தேர்தல் அதிகாரி ஒருவர் வேண்டும் என்றும், ஞானரட்ணம் அங்கிளைவிடப் பொருத்தமானவர் இல்லையென்றும் சொன்னாள். ஒரே ஒரு விதி: அதிகாரியும் அவர் வீட்டாரும் போட்டியிடக்கூடாது. விதியை எழுதியது யாரென்று அவர் கேட்கவில்லை. றோஸ்மலர் அஜித்தாவின் தட்டில் இன்னொரு துண்டு கேக் வைத்தார்.