மஞ்சள் கனகாம்பரமும் ரேழிப் பல்லியும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நாங்கள் ஸ்ரீரங்கத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். வீட்டில் நானும் என் மனைவியும் மட்டும். நான் பொன்மலைப் பட்டறையில் கணக்குப் பிரிவு. காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவேன்.

கொல்லையில் ஒரே ஒரு கனகாம்பரச் செடி இருந்தது. ஊரில் எல்லார் வீட்டிலும் பூப்பது காவி கலந்த சிவப்பு. இது மஞ்சள், புதிதாக உருக்கிய நெய்யின் நிறம். கல்யாணமான புதிதில் உப்பிலியபுரத்திலுள்ள மாமா வீட்டிலிருந்து அவள் கொண்டுவந்து நட்டது. பச்சைக் கதிரின் அடியிலிருந்து வரிசையாக மேலே பூத்துக்கொண்டு போகும். நூல் போன்ற மெல்லிய குழாய், அதன் நுனியில் ஒரு பக்கமாகவே விரிந்த இதழ், சின்ன விசிறி மாதிரி. பறித்து இரண்டு நாளானாலும் வாடாது. வாசனை மட்டும் கிடையாது. அதற்காக நடுநடுவே மருக்கொழுந்து வைத்துக் கட்டுவாள்.

"வாசனையே இல்லாத பூவுக்கு இவ்வளவு கொண்டாட்டமா?" என்று கேட்டால், "தலையில வெச்சுக்கறது நான். பாக்கறது நீங்கதானே? கண்ணுக்கு எதுக்கு வாசனை?" என்பாள்.

ஓர் ஆடியில் கொள்ளிடம் பெருகிக் கொல்லையில் தண்ணீர் நின்றது. கனகாம்பரத்துக்கு வேரில் தண்ணீர் தேங்கினால் ஆகாது. செடி அழுகிப் போயிற்று. அவள் சாப்பிடாமலெல்லாம் இருக்கவில்லை. ஆனால் கடையில் வாங்கிய சிவப்புக் கனகாம்பரத்தைத் தலையில் வைக்கவும் இல்லை.

நல்லவேளையாக, முன்பே அதில் ஒரு கன்றைப் பாலக்கரைக்குக் கொடுத்திருந்தாள். பட்டறையில் எனக்கு அடுத்த மேஜைக்காரரின் வீடு அங்கேதான். நான் அவரைப் பாய் என்பேன், அவர் என்னைச் சாமி என்பார். அவர் வீட்டுச் செடியிலிருந்து கிளை வெட்டி வந்து நட்டோம். இரண்டு முறை நட்டும் காய்ந்துவிட்டது. அதற்குள் பாய் வீட்டில் மகன் கல்யாணத்துக்காகப் பின்பக்கம் ஓர் அறை கட்டத் தீர்மானித்தார்கள். செடி நின்ற இடத்தில்தான் அஸ்திவாரம்.

"கவலைப்படாதீங்க சாமி. செடி போறதுக்குள்ள முத்துன காயையெல்லாம் பறிச்சுத் தரோம். பொண்ணைத் தாய்வீட்டுக்குத் திருப்பி அனுப்புறோம்னு எங்க வீட்டுல சொல்லச் சொன்னாங்க," என்றார்.

முதல் பொட்டலம் வந்தது. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். வெளியிலிருந்து வரும் எதுவும் ரேழியில் ஒரு கை தண்ணீர் தெளிக்கப்படாமல் உள்ளே போகாது. கத்தரிக்காய், குடை, கைப்பை, நான். முற்றத்துக்குள் நுழைவதற்கு முந்திய அந்த இருட்டு நடையில் செம்பு எப்போதும் தயாராக இருக்கும். காய்களை முறத்தில் கொட்டித் தாராளமாகத் தெளித்தாள். சற்று நேரத்தில் ரேழியில் டிக், டிக்கென்று சத்தம்.

"பாத்தேளா, பல்லி சொல்றது! செடி வந்துடும்," என்றவள் தரையை விரலால் தட்டி, "கிருஷ்ணா, கிருஷ்ணா" என்றாள். அன்று பல்லி விடாமல் சொல்லிற்று.

காலையில் பார்த்தால் முறத்தில் இரண்டிரண்டாகப் பிளந்த வெறும் கூடுகள். ஒரு விதை இல்லை.

"பாவம், அவாளுக்குத் தெரியலை. வெடிச்ச காயைப் பறிச்சிருக்கா," என்றாள்.

பாயிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சிரித்தார். "எங்க வீட்டுல ஒவ்வொண்ணா அமுக்கிப் பாத்துல்ல பறிச்சாங்க! ரயில்ல பசியெடுத்து நீங்க தின்னுட்டீங்களா?"

ஒரு மாதம் கழித்து இரண்டாவதும் கடைசியுமான பொட்டலத்தைக் கொடுத்த அன்று, மறுநாள் கொத்தனார் வருகிறார் என்றார். நான் மேஜைமேல் ஒரு காயைப் பேனாக் கத்தியால் பிளந்து பார்த்தேன். உள்ளே நான்கு விதைகள், ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கொக்கியில் உட்கார்ந்திருந்தது. ஆக, பாலக்கரையிலிருந்து புறப்படும்போது காய் காலியில்லை.

வீட்டில் அவள் வழக்கம்போலத் தெளித்தாள். நான் முறத்தின்மேல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். டிக்.

"பல்லி..." என்று அவள் ஆரம்பிக்கும்போதே என் மூக்குக் கண்ணாடியில் ஏதோ சுளீரென்று பட்டுத் தெறித்தது. அடுத்தது முழங்கையில். ஈரம் பட்ட காய் பட்டென்று பிளந்து, அந்தக் கொக்கி விதையைச் சுண்டி எறிகிறது.

"உன் பல்லி என்னை அடிச்சுடுத்து," என்றேன்.

அவள் செம்பைக் கீழே வைத்தாள். "அப்போ நான் கிருஷ்ணா கிருஷ்ணான்னது?"

"விதைக்குச் சொன்னதா இருக்கட்டும்."

இருவரும் தரையில் உட்கார்ந்து தேடினோம். பழுப்பு நிறம், மேலெல்லாம் மெல்லிய செதிள். ஈரத்தில் விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அரை உள்ளங்கை தேறியது. முற்றத்தின் விளிம்பு வரை தவழ்ந்து போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"ஏன்னா, இந்தக் கல் சந்துல ஏதோ களை முளைக்கறதுன்னு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பிடுங்கிண்டே இருக்கேனே..."

முதல் பொட்டலம் அத்தனையும் அங்கேதான் முளைத்திருந்தது. துவைக்கிற கல்லின் அடியில் ஒளிந்த இரண்டு மட்டும் அவள் கைக்குத் தப்பியிருந்தன. அவற்றைப் பெயர்த்துத் தொட்டியில் வைத்தோம். புது விதைகளையும் தூவினோம். மறுநாள் பட்டறையில், தண்ணீர் பட்டதும் பல்லி என்னை அடித்த கதையைச் சொன்னபோது பாய் விழுந்து விழுந்து சிரித்தார்.

கல்லடிக் கன்றில் ஒன்று முதலில் பூத்தது. சிவப்பு. பாலக்கரையில் பக்கத்து வீட்டுச் செடிகளோடு கலந்துவிட்டது போலும். அவள் அதையும் பறித்துக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டாள். இரண்டாவது, தை பிறந்து பூத்தது. கதிரின் அடியில் மூன்று பூக்கள், நெய் மஞ்சள்.

அவற்றை அவள் வைத்துக்கொள்ளவில்லை. வாழை இலைத் துண்டில் வைத்து, வாடாமலிருக்க நீர் தெளித்து மடித்தாள். விதையில் வந்த ஒரு கன்றையும் கொட்டாங்கச்சியில் வைத்து, "பாய் ஆத்துல குடுத்துடுங்கோ. என்ன நிறமா வரும்னு தெரியாது, சொல்லிடுங்கோ," என்றாள்.

பாய் இலையைப் பிரித்தார். உள்ளே ஈரத்தைப் பார்த்ததும் நாற்காலியைச் சற்றே பின்னால் தள்ளிக்கொண்டார்.

"வெடிக்காதுல்ல, சாமி?"