படிக்காமல் போட்ட கையெழுத்து

எங்கள் கல்லூரியில் சர்க்குலர் நோட்டு என்று ஒன்று உண்டு. முதல்வர் எதை அறிவிக்க வேண்டுமென்றாலும் அந்த நீள நோட்டில் எழுதி, அட்டெண்டரிடம் கொடுத்து வகுப்பு வகுப்பாக அனுப்புவார். பாடத்தின் நடுவே அட்டெண்டர் வாசலில் வந்து நிற்பார். சாக்பீஸை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவோம். யாரும் படிப்பதில்லை. லீவு விஷயமென்றால் மாணவிகளே முதல் நாளே சொல்லிவிடுவார்கள், மற்றதைப் படித்து என்ன ஆகப்போகிறது.

எழுபதுகளின் கடைசியில் கல்லூரிகளுக்குத் தன்னாட்சி தருவதாகப் பேச்சு வந்தது. விண்ணப்பத்தோடு எங்களை நாங்களே எடைபோட்டு ஓர் அறிக்கை தர வேண்டும். அதை எழுத ஏழு பேர் கொண்ட குழு. அதைச் சரிபார்க்க வெளியிலிருந்து நிபுணர்கள் நேரில் வரும்போது அந்த ஏழு பேர் மட்டும்தான் அவர்களோடு பேசலாம். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை முதல்வர் என் தோழியிடம் கொடுத்தார். அவள் ஆங்கிலத் துறை, நான் வரலாறு. இருவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவளுக்கு அடையாறு, எனக்குத் தியாகராய நகர். ஆனாலும் சாயங்காலம் மயிலாப்பூர்க் குளம் வரை சேர்ந்து நடந்து, காபி குடித்துவிட்டுத்தான் பிரிவோம்.

எனக்கு அந்தக் குழுவில் இடம் வேண்டியிருந்தது. பெருமைக்கும்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் முக்கியமான காரணம் வேறு. இரண்டு வருஷமாகப் பழைய மாணவிகளுக்குக் கார்டு எழுதி, இங்கே படித்தது எப்படி இருந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பதிலை மேலிடத்துப் பெரியவர்களிடம் படித்துக் காட்டுகிறேன் என்று வாக்கும் கொடுத்திருந்தேன். தமிழ் மீடியத்திலிருந்து வந்த பெண்கள் பேசிவைத்துக்கொண்டதுபோல எழுதியிருந்தார்கள்: முதல் வருஷம் முழுக்க ஒன்றும் புரியவில்லை, கேட்கப் பயந்து உட்கார்ந்திருந்தோம். பாதிப் பேர் நடுவிலேயே நின்றுவிட்டிருந்தார்கள்.

கார்டுகளுக்கு முகவரி எழுதிக் கொடுத்ததே என் தோழிதான். "உன் பேரைத்தான்டி முதல்ல போடுவேன்" என்றாள், காபி ஆறக் காத்திருந்தபோது.

அடுத்த வாரம் அட்டெண்டர் நோட்டோடு வந்தார்.

"சீக்கிரம் போடுங்கம்மா. இன்னும் ஆறு கிளாஸ் கீது. உங்க சிநேகிதம்மா மணி அடிக்கிறதுக்குள்ள கொண்டாரச் சொல்லிக்கீறாங்க."

அவள் அனுப்பியது என்றதும் கண்ணை மூடிக்கொண்டு போட்டேன்.

வெள்ளிக்கிழமை ஆசிரியர் கூட்டத்தில் முதல்வர் ஏழு பெயர்களைப் படித்தார். என் பெயர் இல்லை. எழுந்து கேட்டேன். அவர் கோபப்படாமல் நோட்டைத் திருப்பிக் காட்டினார்.

"இந்தப் பட்டியலுக்கு ஆட்சேபம் இல்லைன்னு போட்டிருக்கு. உங்க கையெழுத்துதானே?"

என் கையெழுத்துதான். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். என் தோழி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் கேட்டருகே அவளை மறித்தேன். எப்படி மனசு வந்தது என்று கேட்டேன்.

"அந்தக் கார்டையெல்லாம் படிச்சா நமக்கு யாரு தன்னாட்சி குடுப்பா? நேர்ல சொன்னா நீ சண்டைக்கு வருவே. நீ நோட்டைப் படிக்க மாட்டேன்னு தெரியும். அதான் கிளாஸ் நேரத்துல அனுப்பினேன்."

குரலில் துளித் தயக்கமில்லை. பத்து வருஷம் கூடவே இருந்து என்னைத் தெரிந்துகொண்டதை எதற்குப் பயன்படுத்தியிருக்கிறாள் பாருங்கள். இப்போது எழுதும்போதும் ஆத்திரம் அடங்கவில்லை. வேறு யாராவது செய்திருந்தால் நாலு நாள் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

அறிக்கை போயிற்று, தன்னாட்சியும் கிடைத்தது. பழைய மாணவிகள் மனநிறைவோடு இருப்பதை அவர்களின் கடிதங்கள் காட்டுகின்றன என்று அதில் ஒரு வரி இருந்தது. கடிதங்கள் என்றால் எனக்கு வந்த அந்தக் கார்டுகள்தான்.

சில மாதம் கழித்து பாண்டி பஜாரில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன். புடவை எடுத்துப் போட்ட பெண் என்னையே பார்த்தாள்.

"மிஸ், என்னைத் தெரியுதா? ரெண்டாம் வருஷத்துல நின்னுட்டேனே. நான் எழுதினதைப் பெரியவங்ககிட்ட படிச்சுக் காட்டினீங்களா?"

"காட்டினேன்" என்றேன்.

"இன்னா சொன்னாங்க மிஸ்?"

"இனிமே வர்ற பொண்ணுங்களுக்கு முதல் வருஷம் தமிழ்லயும் விளக்கிச் சொல்வாங்களாம்."

அவள் கையிலிருந்த புடவையை அப்படியே வைத்துவிட்டு, பக்கத்துக் கவுன்டரில் நின்ற பெண்ணைக் கூப்பிட்டு அதைச் சொல்ல ஆரம்பித்தாள்.