சிலந்தி நூல் போட்ட ஞாயிற்றுக்கிழமை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், பினாங்கில் வெள்ளீயம் உருக்கும் ஆலை ஒன்றின் சோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. வெள்ளீயத்தில் வேறு உலோகம் கலந்திருக்கிறதா என்று பார்க்க அங்கே ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டர் இருந்தது. இரண்டு பித்தளைக் குழாய்கள், நடுவே ஒரு முக்கோணக் கண்ணாடி. முதல் குழாயின் முனையில் தலைமயிர் அகலத்தில் ஒரு பிளவு. அதன் வழியே நுழையும் வெளிச்சம் கண்ணாடியில் பிரிந்து, அடுத்த குழாயில் கண் வைத்துப் பார்ப்பவருக்கு நிறக் கோடுகளாகத் தெரியும். ஒவ்வோர் உலோகத்துக்கும் அதற்கே உரிய கோடுகள். அவற்றைப் படிப்பது வெள்ளைக்காரத் துரையின் வேலை. கருவியைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

பார்த்துக்கொள்வது என்றால் ஈரத்திலிருந்து காப்பதுதான். செருப்பை நான்கு நாள் மூலையில் விட்டால் பூஞ்சணம் பூக்கிற ஊர் அது. கருவியை வைக்கும் அலமாரிக்குள் எப்போதும் ஒரு பல்பு எரியும். ஈரத்தை உறிஞ்சும் உப்பைக் கிண்ணத்தில் வைத்து, அது கசியத் தொடங்கியதும் வறுத்துத் திரும்ப வைப்பேன். பிளவில் தூசி அடைத்தால் தீக்குச்சியைக் கூராகச் சீவி ஒரே இழுப்பு. கண்ணாடி துடைக்க, துவைத்துத் துவைத்து நைந்துபோன என் பழைய வேட்டியின் துண்டு. அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது.

தீபாவளிக்கு முந்தைய மழை நாட்களில் ஒரு காலை, பார்க்கும் குழாயின் உள்ளே பூஞ்சணம் படர்ந்திருப்பதைக் கண்டேன். கழற்றித் துடைத்தேன். தூரிகையின் நுனி ஓரிடத்தில் லேசாக இடறியது. திரும்ப மாட்டிக் கண் வைத்துப் பார்த்தேன். உள்ளே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு நூல்கள் உண்டு. கோடு எந்த இடத்தில் விழுகிறது என்று அளப்பது அவற்றை வைத்துத்தான். இரண்டும் அறுந்து போயிருந்தன.

பூஞ்சணம் தின்றுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. துரை வரும்வரை அதைத்தான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து தொப்பியை ஆணியில் மாட்டியதும், என் வாயில் வந்தது உண்மை.

அவர் நெடுநேரம் குழாய்க்குள் பார்த்தார். திட்டவில்லை. "சீமையிலிருந்து புது நூல் வர மூன்று மாதம் ஆகும்" என்றார். பிறகு, "அது என்ன நூல் தெரியுமா உனக்கு? சிலந்தி நூல். நான் படித்த இடத்தில் ஒருவர் தானே எடுத்துப் போடுவார். நான் போட்டதில்லை" என்றார்.

அன்று மாலை வீட்டில் மனைவி ஒட்டடைக் கம்போடு நின்றிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"நல்லா இருக்குங்க கதை! காலையிலேருந்து ஒரு வலை விடாம அடிச்சுத் தள்ளியிருக்கேன். இப்ப வந்து சிலந்தி வேணுங்கிறீங்க."

மிச்சமிருந்த ஒட்டடையில் நான் இழை பிரித்துப் பார்த்தேன். எல்லாம் தூசியும் முடிச்சுமாக விரலில் ஒட்டிக்கொண்டது. அவள் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு வேலிப் பக்கம் போனாள். செம்பருத்தி இலையோடு ஒரு குட்டிச் சிலந்தியைக் கொண்டுவந்தாள்.

"வலையில எடுக்காதீங்க. இதைத் தட்டிவிட்டா நூல் விட்டுக்கிட்டே கீழே எறங்கும் பாருங்க. அது சுத்தமா இருக்கும்லா."

ஓர் ஈர்க்கை வளைத்துக் கவை போலக் கட்டி, சிலந்தி இறங்க இறங்க அந்த நூலை அதில் சுற்றினாள். அவசரமே இல்லை. பூத்தொடுக்கும் கை. மூன்று ஈர்க்குகள் நிறைந்ததும் சிலந்தியை வேலியிலேயே கொண்டுபோய் விட்டாள்.

பிஸ்கட் டின்னில் வைத்து மறுநாள் எடுத்துப் போனேன். நூலை, குழாயிலிருந்து கழற்றிய பித்தளை வளையத்தின் மேல் கிடத்தி, இரு முனையிலும் ஒரு பொட்டு அரக்குக் கரைசல் வைக்க வேண்டும். நான் முயன்றேன். முதல் நூல் அறுந்தது. துரை முயன்றார், அவருடைய விரல் தடிமனுக்கு அது சரிப்படவில்லை.

"இதை எடுத்தது யார்?" என்று கேட்டார்.

"என் மனைவி."

"அப்படியானால் அவரையே வரச் சொல்."

ஞாயிற்றுக்கிழமை ரிக்ஷாவில் அழைத்துப் போனேன். காதில் தோடு, கல்யாணப் புடவை. ஆலைக்குள் அதுவரை எந்த வீட்டுப் பெண்ணும் வந்ததாக எனக்கு நினைவில்லை. துரை எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்த பிறகே உட்கார்ந்தாள். துரை சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். நூலின் மேல் மெதுவாக மூச்சு விட்டு ஈரமாக்கினாள், இழுத்துக் கிடத்தினாள், அரக்கு வைத்தாள். அது காயும்வரை காத்திருந்தோம். பிறகு இரண்டாவது நூல்.

துரை குழாயை மாட்டி, விளக்குச் சுடரில் உப்புத் தூளைக் காட்டிப் பார்த்தார். சிரித்தார். விலகி அவளைப் பார்க்கச் சொன்னார்.

"கறுப்புக்குள்ள ரெண்டு மஞ்சக் கோடு... ஒட்டி ஒட்டி நிக்குது. என்னங்க இது?"

"உப்பு. எங்கே உப்பு எரிஞ்சாலும் இந்த ரெண்டு கோடுதான்."

"நம்ம அடுப்புல சோத்துத் தண்ணி பொங்கி வழிஞ்சா மஞ்சளா எரியுமே, அதுலயுமா?"

நான் துரைக்குச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ஆமாம், அதேதான் என்று சொல்" என்றார்.

சீமையிலிருந்து புது நூல் வந்தபோது துரை அதைப் பிரிக்காமல் மேசை இழுப்பறையில் போட்டுவிட்டார். நான் அந்த வேலையை விடும்வரை அவள் போட்ட நூல்தான் கருவியில் இருந்தது. வேலை முடிந்து வந்ததும், "தொய்ஞ்சு போகலியே?" என்பாள். இல்லை என்பேன். அதற்குப் பிறகுதான் காப்பி வரும்.

அவள் போய்ப் பல வருடமாகிவிட்டது. எங்களிடம் ஒரே ஒரு படம் உண்டு, ஸ்டூடியோவில் விறைப்பாக நின்று எடுத்தது. அதில் அவள் முகம் எனக்கு அந்நியமாகவே படுகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, நாக்கு நுனியைக் கடித்தபடி, அந்தப் பித்தளை வளையத்தின் மேல் குனிந்திருந்தாளே, அதுதான் எனக்குத் தெரிந்த முகம்.