மூக்கி அக்காவும் ஒரு டம்ளர் தண்ணீரும்

ஓடிப்போய்விட்டாளாம்! நன்றாக இருக்கிறது கதை. ஓடிப்போகிறவள் பட்டப்பகலில், பத்து பால்கனியும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, தலைக்குக் குளித்து, செருப்பைத் துடைத்து மாட்டிக்கொண்டா போவாள்? ஒரு வாரத்துக்கு முன்பே மெத்தை உறைகளைத் துவைத்து மொட்டைமாடி முழுக்கக் காயப்போட்டு, எல்லோருக்கும் சேதி சொல்லிவிட்டா போவாள்? எதிர்வீட்டம்மாவுக்கு வாய் இருக்கிறது, பேசுகிறாள். ஒரு நாள் குழாய்க்காரரோடு போய்விட்டாள் என்கிறாள். மறுநாள் தம்பி பெண்டாட்டி துரத்திவிட்டாள் என்கிறாள். இரண்டும் எடுபடவில்லை என்றதும், மூக்கிக்குப் புத்தி பிசகிவிட்டது, கையில் ஒரு டம்ளர் தண்ணீரை ஏந்திக்கொண்டு சாமியாடிபோல நடந்து போனாள், என் கண்ணால் பார்த்தேன் என்கிறாள்.

டம்ளர் தண்ணீர் மட்டும் நிஜம். மற்றதெல்லாம் அவள் சேர்த்த மசாலா.

மூக்கி என்பது அப்பா அம்மா வைத்த பெயரா என்ன? சலவை நிலையத்தில் வைத்த பெயர். ஆஸ்பத்திரி, ஓட்டல் என்று ஊர்ப்பட்ட துணிகள் வந்து விழும் பெரிய சலவை நிலையம் அது. அங்கே காயவைக்கும் அறைக்கு முப்பத்தொரு வருஷம் அவள்தான் ராணி. மடித்து வைத்த போர்வையை முகத்தருகே கொண்டுபோவாள். "இது காயல. திரும்பப் போடு" என்பாள். தொட்டுப் பார்த்தால் மொறுமொறுவென்று இருக்கும். ஆனாலும் அவள் சொன்னால் சொன்னதுதான். மறுநாள் அந்தப் போர்வை மட்டும் பூசணம் பிடித்திருக்கும். சொட்டு ஈரம் இருந்தால் அது நாளைய நாற்றம் என்பது அவள் கட்சி. வீட்டிலும் அப்படித்தான். குளியலறைத் தரையைக் குளித்தவர்களே துடைத்துவிட்டு வர வேண்டும். தம்பிக்கு ஐம்பது வயதாகிறது. இன்னமும் அக்காவுக்குப் பயந்து சோப்புப் பெட்டியைக்கூடத் துடைத்துத்தான் வைக்கிறான்.

அந்த ஓட்டல் துணிகளில் ஒரு கட்டு கடற்கரை ஓட்டலிலிருந்து வரும். உதறினால் மடிப்பிலிருந்து மணல் கொட்டும். மற்றவர்கள் முகம் சுளித்துக்கொண்டு மெஷினில் தள்ளுவார்கள். மூக்கி மட்டும் அந்தக் கட்டைப் பிரித்ததும் ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். உப்பு, வெயில், இன்னும் பெயர் தெரியாத ஏதோ ஒன்று. முப்பத்தொரு வருஷம் கடலை அவள் போர்வையில்தான் மோந்து பார்த்திருக்கிறாள். நேரில் பார்த்ததில்லை. இத்தனைக்கும் கடைசிப் பன்னிரண்டு வருஷம் சலவை வேனை அவளே ஓட்டினாள். அது ஆஸ்பத்திரி வரைக்கும் போகும், திரும்பும்.

ஓய்வு பெறும் நாளில் முதலாளி கொட்டகையைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு கேம்பர் வேன். கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் உள்ளேயே இருக்கிற வீட்டு வண்டி. ஆசைப்பட்டு வாங்கி இரண்டே தடவை மீன் பிடிக்கப் போனவர், இரண்டாம் தடவை பிடித்த மீனை ஃபிரிட்ஜிலேயே மறந்துவிட்டுக் கதவைப் பூட்டினார். அதற்குப் பிறகு அந்தக் கதவைத் திறக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

"உனக்குத்தாம்மா இது. நாத்தத்தோட எடுத்துக்க. உன்னால முடியலன்னா வேற யாராலயும் முடியாது" என்றார்.

கதவைத் திறந்தாள். முதலாளி நாலடி பின்வாங்கினார். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது நாற்றத்தாலா சந்தோஷத்தாலா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

குடியிருப்பின் முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். "இத எடுத்துக்கிட்டு கடலுக்குப் போறேன்டா" என்று தம்பியிடம் சொன்னாள். தம்பி கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டே சிரித்தான். தம்பி பெண்டாட்டிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "அண்ணி, நீங்க போயிட்டா வீட்ட யாரு பாத்துக்குவாங்க?" என்றாள். வீட்டை என்று சொன்னாளே தவிர, அவள் கண் இஸ்திரி போட வேண்டிய துணிக் குவியலைத்தான் பார்த்தது. ஓய்வு பெற்ற அன்று சாயங்காலமே ஏழு சட்டை இஸ்திரி போட்டவள் மூக்கி.

ஆரம்பித்தாள் வேலையை. மற்றவர்களுக்கு நாற்றம் என்றால் ஒன்று. அவளுக்கு அது நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுகிற மாதிரி. யார் யார் என்று பிரித்துவிட்டாள். முதல் ஆள் மீன். ஃபிரிட்ஜைச் சோடா உப்பு கரைத்துக் கழுவினாள். போகவில்லை. கதவு ஓரத்து ரப்பரின் மடிப்புக்குள் மீன் தண்ணீர் இறங்கியிருந்ததைக் கண்டுபிடித்துப் பழைய பல் தேய்க்கும் பிரஷால் கெல்லி எடுத்தாள். மீன் போயிற்று. இரண்டாம் ஆள் மெத்தை. உறையைக் கழற்றி, உள்ளே இருந்த பஞ்சைச் சோப்புத் தண்ணீரில் மிதித்துப் பிழிந்து மூன்று நாள் வெயிலில் போட்டாள். மூன்றாம் ஆள் முதலாளியின் சிகரெட். கூரை முழுக்க ஒட்டிக்கொண்டிருந்தது. வினிகரும் வெந்நீரும் கலந்து, அண்ணாந்து அண்ணாந்து துடைத்ததில் கழுத்து பிடித்துக்கொண்டு இரண்டு நாள் வானத்தைப் பார்த்தபடியே நடந்தாள். எதிர்வீட்டம்மா அதற்கும் ஒரு கதை வைத்திருந்தாள்.

நடுவில் யோசனை சொல்ல வராதவர்கள் இல்லை. காப்பித்தூள் வை என்றார் ஒருவர். கரி வை என்றார் இன்னொருவர். இரண்டையும் கிண்ணம் கிண்ணமாக வைத்தாள். தம்பி பெண்டாட்டி உதவி செய்கிறேன் என்று ரோஜா வாசனை ஸ்பிரேயை ஒரு டப்பா முழுக்க அடித்துவிட்டு வந்தாள். ரோஜாத் தோட்டத்தில் எருமை செத்துக் கிடக்கிற மாதிரி ஆகிவிட்டது.

"ஏன்டி, நாத்தத்துக்கு மேல வாசனைய ஊத்தினா அது ரெண்டு நாத்தம்டி!"

"நல்லதுக்குத்தான் அண்ணி செஞ்சேன்."

"நல்லதுக்கே இப்படின்னா, கெட்டதுக்கு என்ன செய்வ?"

இருவரும் முற்றத்தில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். இவளைத்தான் துரத்திவிட்டவள் என்கிறார்கள், கவனித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நாலாவது ஆள் அசையவில்லை. அழுகின, ஆழமான, தலையைக் கிறுகிறுக்க வைக்கிற நாற்றம். காலையில் தண்ணீர் விட்டுக் கழுவும்போது கொஞ்சம் அடங்கும். சாயங்காலம் சுத்தம் செய்து மூடியதும் எழுந்து நிற்கும். அவள் துடைக்கத் துடைக்க வளர்ந்தது. வியாழக்கிழமை குடியிருப்பின் செயலாளர் வந்தார். எதைச் சொன்னாலும் ஒரு விரலைத் தூக்கிக்கொண்டு சொல்கிற மனிதர்.

"ஞாயிறு காலை பத்து மணிக்கு நானே உள்ள வந்து பாப்பேன். அப்பவும் நாறிச்சுன்னா வண்டி இங்க நிக்கக் கூடாது."

நிறுத்த வேறு இடம் இல்லை. தம்பி அன்றைக்குச் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அக்கா, போகலன்னா எடைக்குப் போட்டுடலாம். வீட்டோட நிம்மதியா இரு. டிவி பாரு." அவ்வளவுதான். டிவி பார்க்கச் சொன்னதுதான் அவளைக் குத்தியது.

அப்போதுதான் குழாய்க்காரர் வந்தார். வந்தது இவளுக்காக இல்லை, மூன்றாம் மாடியில் ஒழுகிய குழாய்க்காக. வண்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து நிம்மதியாக ரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரைப் பார்த்து அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"உங்களுக்கு நாறலயா?"

"எனக்கா? முப்பது வருஷமா சாக்கடைக்குள்ள தலைய விட்டவன்மா. மூக்கு எப்பவோ செத்துப்போச்சு."

"கொடுத்து வச்சவரு."

விஷயத்தைக் கேட்டவர், அடியில் ஒரு கழிவுத் தண்ணீர்த் தொட்டி இருக்கும், அதில்தான் பழைய அழுக்கு உட்கார்ந்திருக்கும் என்றார். ஐஸ் கட்டி, கல் உப்பு, பாத்திரம் கழுவும் சோப்பு மூன்றையும் உள்ளே போட்டுவிட்டு வண்டியை ஓட்டினால் ஐஸ் கட்டியே உருண்டு உருண்டு தேய்த்துவிடுமாம். வெள்ளிக்கிழமை அதைச் செய்தாள். ஏழு சுற்று! முற்றத்தில் வட்டமடித்து வட்டமடித்து வண்டியை ஓட்ட, வயிற்றுக்குள் கடகடவென்று ஐஸ் உருள, பால்கனிக்குப் பால்கனி ஆட்கள் நின்று எண்ண, நாலாம் சுற்றில் யாரோ விசில் அடித்தார்கள். ஏழாம் சுற்றில் அவளே ஹாரன் அடித்தாள். அழுக்குத் தண்ணீரைச் சாக்கடைக் குழியில் திறந்துவிட்டு, தொட்டி குழாய் எல்லாம் பளபளவென்று துடைத்து, மோந்து பார்த்தாள். இல்லை. போயேபோய்விட்டது.

சனிக்கிழமை காலை கதவைத் திறந்தால், அதே ஆள், கொஞ்சம் இளைத்து, உள்ளே உட்கார்ந்திருக்கிறான்.

குழாய்க்காரரைக் கையோடு இழுத்து வந்தாள். அவர் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் படுத்து, வளைந்து போகிற குழாயைக் கழற்றினார். கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. விரலை விட்டுப் பார்த்தார்.

"ஏம்மா, இது எப்படி இவ்வளவு காஞ்சிருக்கு? அப்பளம் மாதிரி இருக்கு!"

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. "தினமும் சாயங்காலம் துணிய விட்டுத் தொடச்சு, தலை காயவைக்கிற மெஷின அந்த ஓட்டையில வச்சு அரை மணி நேரம் காய வைக்கிறேன். சொட்டு ஈரம் விடமாட்டேன்."

குழாய்க்காரர் அப்படியே தரையில் படுத்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "அம்மா, குழாய எதுக்கு வளச்சு வச்சிருக்கான்னு நெனச்சீங்க? அதுல எப்பவும் ஒரு டம்ளர் தண்ணி நிக்கணும். அந்தத் தண்ணிதான் கதவு. கீழ இருக்கிற நாத்தம் மேல வராம அதுதான் தடுக்குது. நீங்க தெனமும் கதவக் கழட்டி வச்சுட்டு, நாத்தம் வருதுன்னு வாசல்ல தேடுறீங்க!"

முப்பத்தொரு வருஷம் ஈரத்தை விரட்டியவளுக்கு, ஈரத்தை நிறுத்தி வை என்று சொன்னால் எப்படி இருக்கும்? குழாயைத் திரும்ப மாட்டி ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினார்கள். ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் உள்ளே வெறும் மர வாசனை. அவர்கள் இருவரும் உள்ளே உட்கார்ந்து சிரித்தது வெளியே கேட்டது உண்மைதான். எதிர்வீட்டம்மாவின் கதைக்கு விதை விழுந்தது அங்கேதான். குழாயைப் பற்றிச் சிரித்தார்கள், வேறென்ன?

ஞாயிறு வந்தது. பத்தாக ஐந்து நிமிஷம். செயலாளர் முற்றத்தில் வருகிறார். மூக்கி வண்டிக்குள் கடைசியாக ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். எல்லாம் பளபளப்பு. கையைப் பார்த்தாள். கையில் தலை காயவைக்கும் மெஷின்! சூடாக இருக்கிறது! காலையில் எழுந்து, பதற்றத்தில், பழக்கத்தில் கை தானாகச் செய்துவிட்டது. வளைவைத் துடைத்துக் காயவைத்து முடித்திருந்தாள். நாலாவது ஆள் மெல்ல எழுந்து சோம்பல் முறிக்கிற வாசனை அவளுக்கு வந்துவிட்டது. வண்டியின் தண்ணீர்த் தொட்டியும் காலி. அதையும் காயவைத்தது அவள்தான். வீட்டுக்கு ஓடி எடுத்து வர நேரமில்லை. செயலாளர் படியில் நின்று ஷூவைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்.

அப்போது தம்பி பெண்டாட்டி ஓடி வந்தாள். கையில் ஒரு டம்ளர் தண்ணீர், பாதி அவள் புடவையில். "சாருக்குக் குடிக்கத் தண்ணி!" என்று ஊருக்கே கேட்கக் கத்தினாள். ஆனால் செயலாளரைத் தாண்டி உள்ளே ஏறி டம்ளரை அண்ணி கையில் திணித்தாள். காதோடு சொன்னாள்: "சமையல்கட்டு ஜன்னல்லேருந்து மெஷின் சத்தம் கேட்டுச்சு. சனியனே, ஊத்துங்க!"

வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் அண்ணியைச் சனியனே என்றாள். மூக்கிக்கு அதைக் கவனிக்கக்கூட நேரமில்லை. ஊற்றினாள்.

"எனக்குக் கொண்டு வந்த தண்ணிதானே அது?" என்றார் செயலாளர்.

"டம்ளர்ல தூசி இருந்துச்சு சார். ஜன்னல் பக்கமா நில்லுங்க, காத்து நல்லா வருது."

செயலாளர் நின்றார். மோந்தார். கட்டிலுக்கடியில் குனிந்து மோந்தார். ஃபிரிட்ஜைத் திறந்து மோந்தார். திடீரென்று விரலைத் தூக்கினார். "இருக்கு! லேசா நாறுது!"

முற்றத்தில் கூடியிருந்த கூட்டம் எட்டிப் பார்த்தது. தம்பி முகம் விழுந்துவிட்டது. மூக்கி கண்ணை மூடி, போர்வைக் கட்டைப் பிரித்தபோது நிற்பாளே, அப்படி ஒரு நிமிஷம் நின்றாள். திறந்தாள்.

"உங்க சாக்ஸ் சார். வலது கால். இடது கால் பரவாயில்ல."

வெளியே செயலாளரின் மனைவி முதலில் சிரித்தார். "பத்து வருஷமா சொல்றேன், கேக்கறாரா!" அதற்கு மேல் என்ன விசாரணை? செயலாளர் சாக்ஸைக் கழற்றிக்கொண்டு போய் வெளியே வைத்துவிட்டு வந்து மறுபடி மோந்தார். ஒன்றும் இல்லை. விரல் தானாக இறங்கிவிட்டது.

புதன்கிழமை காலை புறப்பட்டாள். தம்பி அழுதான், அழுதுகொண்டே டயருக்குக் காற்று பார்த்தான். குழாய்க்காரர் வந்ததும் நிஜம்தான். வண்டிக்குப் பின்னால் நின்று "வாங்க, வாங்க, வாங்க, ஒடிங்க, போதும்" என்று வழி காட்ட வந்தார். வண்டி தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றதும் இரண்டாம் மாடி ஒழுகலுக்குப் போய்விட்டார். நம்பாதவர்கள் இரண்டாம் மாடியில் கேட்டுக்கொள்ளலாம்.

வீட்டு வாசலில் தம்பி பெண்டாட்டி நின்றாள். இஸ்திரிப் பெட்டியின் சூட்டை எந்த எண்ணில் வைக்க வேண்டும், காலரை எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று மூக்கி மூன்றாம் தடவையாகச் சொன்னாள்.

"தெரியும் அண்ணி. போங்க. அங்க போய் குழாயக் காயவைக்காம இருங்க, அது போதும்."

"நீதான் சனியன்" என்றாள் மூக்கி. இருவருக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, எது முதலில் என்று சொல்ல முடியாது. தம்பி பெண்டாட்டி உள்ளே போய் அதே டம்ளரில் விளிம்பு வரைக்கும் தண்ணீர் பிடித்து வந்து அண்ணி கையில் கொடுத்தாள். முந்தைய நாள் சாயங்காலம் மூக்கியின் கை சும்மா இருந்திருக்காது என்று அவளுக்குத் தெரியும். மூக்கிக்கும் தெரியும்.

பத்து பால்கனியும் பார்க்க, ஒரு சொட்டும் சிந்தாமல், டம்ளரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவள் வாசலைத் தாண்டி வண்டியை நோக்கி நடந்தாள்.