வீட்டைப் பார்க்காத பார்ட்டி

உடையார்பாளையத்தில் என் பங்குக்கு வந்த பாதி வீட்டை விற்றுத்தரச் சொல்லி ஒரு புரோக்கரைப் பிடித்தேன். விலை என்ன, பட்டா யார் பேரில் இருக்கிறது என்றெல்லாம் கேட்பார் என்று நினைத்தேன். அவர் முதலில் கேட்டது வேறு.

"பக்கத்துப் பாதி யாருதுங்க டீச்சர்?"

எங்கள் அண்ணனுடையது என்றேன்.

"பேச்சுவார்த்தை உண்டுங்களா?"

இல்லை என்றேன். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்து போனது. மறைக்கத்தான் பார்த்தார், ஆனால் இருபது வருடமாகப் பரீட்சை ஹாலில் பிள்ளைகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவள் நான். அந்த நிமிஷமே இந்த ஆளை நம்பக்கூடாது என்று முடிவு கட்டிவிட்டேன்.

அண்ணனோடு பேச்சு நின்ற கதை பெரிய கதை ஒன்றும் இல்லை. அப்பா போன பிறகு நான் பங்கு கேட்டேன். அவர் தகராறு செய்யவில்லை. சொந்தக்காரர்கள் முன்னால் பாதியை எழுதிக்கொடுத்துவிட்டு, மறுவாரமே கூடத்தின் நடுவில் ஹாலோ பிளாக் கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பிவிட்டார். அதோடு பொங்கல் சீர் நின்றது. என் மகளுக்குச் சடங்கு வைத்தபோது தாய்மாமனுக்குப் போட்ட நாற்காலியில் கடைசிவரை யாரும் உட்காரவில்லை. அந்தக் கோபம் இன்னும் எனக்குத் தீரவில்லை.

விற்க வேண்டிய கட்டாயம் பெரம்பலூரில் இருந்தது. நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு விலைக்கு வந்து, கையில் இருந்ததையெல்லாம் திரட்டி அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். சித்திரைக்குள் மீதிப் பணம் கட்டாவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வராது. உடையார்பாளையம் விற்றால்தான் பெரம்பலூர்.

கமிஷன் ரெண்டு பர்சென்ட் என்றார் புரோக்கர். வாங்குகிறவரிடமும் வாங்குவீர்களா என்று கேட்டேன்.

"ஆமாங்க. அவங்களுக்கும் நாயா பேயா அலையுறன்ல?"

இரண்டு பக்கமும் காசு வாங்குகிற ஆள் எந்தப் பக்கம் நிற்பான்? வீட்டில் கேட்டதற்கு என் கணவர், "காசு அதிகமா குடுக்குற பக்கம்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

முதலில் ஜெயங்கொண்டத்திலிருந்து ஒரு முந்திரி வியாபாரி வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்து, பிடித்திருக்கிறது, வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் தருகிறேன் என்றார். வெள்ளிக்கிழமை போனை எடுக்கவில்லை. அடுத்து அரியலூர் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிற ஒருவர் மனைவியோடு வந்தார். அந்தப் பெண் சமையலறையில் எங்கே ஃப்ரிட்ஜ் வைக்கலாம் என்றுகூடப் பார்த்துவிட்டாள். அவர்களும் காணாமல் போனார்கள். யாரோ கலைத்துவிடுகிறார்கள் என்று எனக்குப் பட்டது. அண்ணனாக இருக்கும், இல்லாவிட்டால் விலையை இறக்கப் பார்க்கும் புரோக்கரே இருக்கும். இரண்டு பேரும் கூட்டாகவும் இருக்கலாம். ராத்திரி படுத்தால் இந்தக் கணக்குதான் ஓடியது.

மாசி பிறந்ததும் புரோக்கர் போன் செய்தார். ஒரு பார்ட்டி ரெடி என்றார்.

"எப்ப வூட்டப் பார்க்க வராங்க?"

"வெளியிலயே பாத்துட்டாங்க டீச்சர். உள்ள வர வேணாங்குறாங்க."

"வெல?"

"நீங்க சொன்ன வெலதான்."

பேரம் பேசாமல் ஒருவர் வீடு வாங்குகிறார் என்றால் எனக்குத் தூக்கம் வருமா? பேர் கேட்டேன், பேர் இப்போது வேண்டாம் என்றார். ஊர் கேட்டேன், பக்கம்தான் என்றார். அக்ரிமெண்ட் போடலாமா என்றால், எதற்கு வீண் செலவு, நேராகக் கிரையமே செய்துவிடலாம் என்றார். பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்க்கிற டீச்சரிடம் சொன்னேன். "அந்தப் பக்கம் பூமிக்குக் கீழ நிலக்கரி இருக்குன்னு ரொம்ப நாளா பேச்சு. யாரோ விஷயம் தெரிஞ்சுதான் ஆள வச்சு வாங்குறான், வித்துராத" என்று அவர் பங்குக்குக் கிளப்பிவிட்டார். என் பாதி வீட்டுக்கு அடியில் நிலக்கரியே இருந்தாலும் அதை நான் எப்படித் தோண்டுவது? அப்படியும் இரண்டு நாள் அதை நினைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

மூன்றாம் நாள் புரோக்கர் மறுபடியும் போன் செய்தார்.

"டீச்சர், பார்ட்டி ஒண்ணே ஒண்ணு கேக்குறாங்க. மழ பேஞ்சா சாமான் ரூம்பு மூலையில இன்னமும் குண்டான் வைக்கணுமான்னு."

அந்த மூலை ஒழுகும் என்பது எங்கள் வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். அடைமழையில் அம்மா எழுப்பிவிட, குண்டானைத் தூக்கிக்கொண்டு போய் வைப்பது எப்போதும் அண்ணன்தான்.

எனக்கு வந்தது பாசம் இல்லை, ஆத்திரம். சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, ஒரு ஆளை வைத்து என் வீட்டை வாங்குகிறாரா? வந்த இரண்டு பேரையும் விரட்டிவிட்டு வாங்குகிறாரா? புரோக்கரை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் எனக்குத் தெரியும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அண்ணன் பின்வாங்கிவிடுவார். அவர் ரோஷம் அப்படி. சித்திரையோ நெருங்கிக்கொண்டிருந்தது.

"போன வருஷமே தளம் போட்டு அடைச்சாச்சுன்னு சொல்லுங்க" என்றேன்.

கிரையத்தன்று பத்திரம் எழுதுகிறவர் வாங்குபவர் பேரை வாசித்தபோது புரோக்கர் என் முகத்தையே பார்த்தார். நான் சரி என்று தலையை ஆட்டினேன். அவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

பதிவு ஆபீஸில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். அந்த ஓரம் அண்ணன், இந்த ஓரம் நான், நடுவில் புரோக்கர். அண்ணனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. எனக்குச் சட்டென்று அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"காப்பி குடிப்பாங்களான்னு கேளுங்க" என்றார் அண்ணன்.

"காப்பி குடிப்பீங்களாங்க டீச்சர்?"

"வேணாம்னு சொல்லுங்க."

"வேணாமாங்க சார்."

போட்டோ எடுத்து, கைரேகை வைத்து, பணமும் கைமாறி வெளியே வந்தோம். வேப்பமரத்தடியில் நான் என் கமிஷனைக் கொடுத்தேன், அண்ணன் அவருடையதைக் கொடுத்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அந்த மனிதருக்கு அன்று ஒரு பைசா கிடைத்திருக்காது. முதல் நாள் அவர் முகத்தில் வந்த சந்தோஷம் எதற்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. முன்னால் வந்த இரண்டு பார்ட்டியைக் கலைத்தது யார் என்று மெதுவாகக் கேட்டேன்.

"அதெல்லாம் இனிமே எதுக்குங்க டீச்சர்" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

நடுவில் ஆள் இல்லை. நான் வீட்டுச் சாவியை நீட்டினேன். அண்ணன் வாங்கிப் பார்த்தார்.

"இன்னொரு சாவி இருக்கா?"

அத்தனை வருடம் கழித்து என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது. காப்பி கேட்டதெல்லாம் புரோக்கருக்குக் காட்டத்தானா, நான் திருட்டுத்தனமாக உள்ளே போய்விடுவேன் என்றா நினைக்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னொரு சாவி என் கைப்பைக்குள்தான் இருந்தது.

"இல்லண்ணே."

அவர் என் பையைப் பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார்.

"இருந்தா வச்சுக்க. நான் பூட்ட மாத்தப் போறதில்ல."

பஸ்ஸில் பெரம்பலூர் வந்து சேரும்வரை அந்தப் பேச்சைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். பொய்யைக் கண்டுபிடித்துக் குத்திக் காட்டினாரா, மனசாரச் சொன்னாரா? கேட்டுச் சொல்ல ஒரு ஆளும் இல்லை. அதன் பிறகு எத்தனையோ தடவை உடையார்பாளையம் வழியாகப் போய்விட்டேன். சாவி பையிலேயேதான் இருக்கிறது. பூட்டை மாற்றியிருந்தால் என்ன செய்வது என்று பயந்து ஒரு தடவைகூட அங்கே இறங்கவில்லை.